மூன்று மல்லிகாக்கள்

என் வயிற்றில் குழந்தை இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தவர் கிட்னி ஸ்கேன் எடுத்த டாக்டர்.

முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்குச் சிறுநீர் தானாக இறங்காது. தேங்கி நின்றால் மெல்ல மெல்லக் கிட்னியைக் கெடுத்துவிடும். அதனால் வருஷத்துக்கு ஒரு முறை ஸ்கேன் பண்ணிப் பார்ப்பார்கள். அன்றைக்கும் அதற்காகத்தான் வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வயிற்றில் பசையைத் தடவிக் கருவியை நகர்த்திக்கொண்டிருந்த டாக்டர், சட்டென்று கையை நிறுத்தினார். எழுந்துபோய் இன்னொரு டாக்டரைக் கூட்டிவந்தார். இருவரும் திரையைப் பார்த்தார்கள். என்னைப் பார்க்கவில்லை. கூட வந்திருந்த என் நாத்தனாரைத்தான் பார்த்தார்கள்.

"இவங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்மா?"

கஸ்தூரி அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஏன் ஆவாம? புருஷன் வெளிய பெஞ்சில உக்காந்துனு இருக்கான். இன்னா விஷயம், அதைச் சொல்லுங்க."

"அஞ்சு மாசம்" என்றார் டாக்டர்.

"இன்னா அஞ்சு மாசம்?"

அவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் மழை பெய்கிற மாதிரி ஒரு படம். அதன் நடுவில் ஏதோ ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. புரிந்தபோது கையை வயிற்றின்மேல் வைத்துப் பார்த்தேன். மார்புக்குக் கீழே எனக்குத் தொடு உணர்ச்சி கிடையாது. ஊசியால் குத்தினாலும் தெரியாது. ஆனாலும் என் உடம்புக்குள் ஓர் உயிர் ஐந்து மாதமாகக் கைகாலை அசைத்துக்கொண்டிருக்க, நான் அது தெரியாமல் அரிசி பொறுக்கிக்கொண்டும் ரேடியோ கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறேன் என்பதை எப்படி நம்புவது? விபத்துக்குப் பிறகு மாதவிலக்கு ஒழுங்காக வந்ததே இல்லை. வயிறு உப்பினால் மலச்சிக்கல் என்று எடுத்துக்கொள்வோம். அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தோம்.

வெளியே தள்ளிக்கொண்டு வந்ததும் அக்கா தம்பியிடம் விஷயத்தைச் சொன்னார். என் வீட்டுக்காரர் முருகேசன் எழுந்து நின்றார். பிறகு மறுபடி உட்கார்ந்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டது ஒன்றுதான். "உனக்கு ஒண்ணும் ஆயிடாதே, மல்லி?"

அதற்கான பதில் அந்த ஆஸ்பத்திரியில் யாரிடம் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதைத் தேடி அலைந்த கதையைத்தான் எழுதுகிறேன். என்னைப் போல சக்கர நாற்காலியில் இருக்கிற எந்தப் பெண்ணுக்காவது உதவினால் போதும்.

நான் மாதனூர்க்காரி. கல்யாணமான புதிதில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற மெஷினில் வேலை செய்துகொண்டிருந்தேன். எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலக் காலையில் எங்கள் கம்பெனி பஸ் ரோட்டோரப் பள்ளத்தில் கவிழ்ந்தது. மற்றவர்களுக்குக் கை உடைந்தது, பல் போயிற்று. எனக்குத் தோள்பட்டைக்குக் கொஞ்சம் கீழே முதுகுத்தண்டு நொறுங்கியது. கைகள் தப்பின. கால்களும் வயிறும் போய்விட்டன. ஊருக்கு வெளியே அந்த ஆஸ்பத்திரி நடத்திய மறுவாழ்வு மையத்தில் பல மாதம் கிடந்து, உட்கார, நாற்காலியை உருட்ட, டியூப் போட்டுச் சிறுநீரை எடுக்கக் கற்றுக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று இவர் சத்துவாச்சாரியில் வீடு பார்த்தார். அங்கிருந்து தினமும் பஸ் பிடித்து ஆம்பூர் போய் அதே கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தார். கணவரை இழந்த கஸ்தூரி அக்கா எங்களோடு வந்து சேர்ந்தார். என்னைத் தூக்கி உட்கார வைப்பதும் தலை வாரிவிடுவதும் அவர்தான்.

ஸ்கேனுக்கு மறுவாரம் பிரசவப் பிரிவுக்குப் போனோம். அங்கே வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் என் நாற்காலியைப் பார்த்தார்கள். பிறகு வயிற்றைப் பார்த்தார்கள். பிறகு இவரைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு இவர் தலை குனிந்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. பரிசோதனை மேஜை உயரமானது. என்னை ஏற்றுவதற்கு இவரும் அக்காவும் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. உள்ளே இருந்த டாக்டர் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டே சொன்னார்.

"கலைக்கணும்னா இந்த வாரத்துக்குள்ள சொல்லிடுங்க. அப்புறம் முடியாது."

"எதுக்குக் கலைக்கணும்?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்தார். நான் பேசுவேன் என்று எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. "இந்த நிலைமையில எப்படிம்மா வளர்ப்ப?"

"கை நல்லாத்தான் இருக்கு" என்றேன். இவர் பின்னால் நின்று என் தோளை அழுத்தினார். அந்த அழுத்தம் மட்டும் எனக்குத் தெரியும்.

அடுத்து மறுவாழ்வு மையத்துக்குப் போனோம். என்னை ஆரம்பத்திலிருந்து பார்த்துவந்த டாக்டர் நடராஜன் அங்கேதான் இருந்தார். நிதானமான மனிதர். சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததில்லை. விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். நான் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டார். அக்கா மஞ்சள் பையைக் கவிழ்த்தார். மேஜையில் மாத்திரைப் பட்டைகள் விழுந்தன. அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒரு பட்டை வந்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இதை யார் கொடுத்தது?"

"யூரின்ல கிருமி இருக்குன்னு அந்த டிபார்ட்மென்ட்ல குடுத்தாங்க சார்."

"கர்ப்பம்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"எங்களுக்கே தெரியாது சார்" என்றார் அக்கா.

அந்த மாத்திரை வயிற்றிலிருக்கும் குழந்தையின் எலும்பையும் பல்லையும் பாதிக்கும். அவர் அதை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கால்கள் தானாக வெட்டி இழுப்பதைத் தடுக்க அவரே கொடுத்திருந்த மாத்திரையையும் குறைத்தார். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டு என்னுடைய சார்ட் எல்லாவற்றையும் அனுப்பச் சொன்னார். சார்ட் என்பது நோயாளியைப் பற்றி டாக்டர்கள் எழுதிவைக்கிற காகிதக் கட்டு. அடுத்த முறை போனபோது அவர் மேஜையில் மூன்று கட்டுகள் இருந்தன. மூன்றுக்கும் வேறு வேறு நம்பர்.

"மல்லிகா, இந்த ஆஸ்பத்திரியைப் பொறுத்தவரைக்கும் நீ மூணு பேர்" என்றார்.

விபத்தன்று நினைவில்லாமல் கிடந்தபோது அப்பா பெயரோடு ஒரு நம்பர்; சிறுநீர்ப் பிரிவில் எழுதியதெல்லாம் அதில்தான். மறுவாழ்வு மையத்தில் கணவர் பெயரோடு இன்னொன்று. படுக்கைப் புண்ணுக்குத் தோல் வைத்துத் தைக்க சர்ஜரி வார்டில் சேர்ந்தபோது நம்பர் எழுதிய பழைய சீட்டைத் தொலைத்துவிட்டதால் மூன்றாவது ஒன்று. ஒரு மல்லிகாவுக்கு முதுகுத்தண்டில் அடி. ஒரு மல்லிகாவுக்குச் சிறுநீரில் கிருமி. ஒரு மல்லிகாவுக்கு இடுப்பில் புண். எந்த மல்லிகாவுக்கும் மற்ற இரண்டு பேரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

சர்ஜரி வார்டுக் கட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றார். அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

"அங்க இருந்தப்ப உனக்குத் தலைவலி வந்துச்சா?"

வந்தது. மறக்க முடியுமா? மண்டைக்குள் யாரோ சம்மட்டியால் அடிப்பது போல வலி. முகமெல்லாம் கொதித்தது, வியர்வை ஊற்றியது. ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று டாக்டர்கள் ஓடினார்கள். மாத்திரை கொடுத்தார்கள். தலையணையை எடுத்துவிட்டுப் படுக்க வைத்தார்கள். வலி இன்னும் ஏறியது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் துணி மாற்ற வந்த நர்ஸ் என் காலைப் புரட்டினார். அவ்வளவுதான், சில நிமிஷத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. என்ன நடந்தது என்று யாருக்கும் விளங்கவில்லை. எனக்கும்தான்.

டாக்டர் நடராஜன் விளக்கினார். என்னைப் போல முதுகின் மேல்பகுதியில் அடிபட்டவர்களுக்குக் கீழே ஏதாவது கோளாறு என்றால் வலி தெரியாது. ஆனால் உடம்புக்குத் தெரியும். சிறுநீர்ப் பை நிரம்பினால்கூட ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் கண்டபடி ஏறும். அதை இறக்கச் சொல்லி மூளை அனுப்புகிற உத்தரவு அடிபட்ட இடத்தைத் தாண்டிக் கீழே போகாது. அப்படியே விட்டால் மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கும். அன்றைக்கு என் காலுக்கு அடியில் சிறுநீர் டியூப் மடங்கிக் கிடந்திருக்கிறது. நர்ஸ் காலைப் புரட்டியதில் நிமிர்ந்துகொண்டது.

"படுக்க வச்சது தப்பு. உட்கார வச்சிருக்கணும். அதை அவங்களுக்குச் சொல்ல வேண்டியது என்னோட சார்ட். அது இங்க அலமாரியில இருந்துச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு இவரைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "முருகேசன், இது எல்லாத்தையும்விடப் பெரிய கோளாறு பிரசவ வலிதான். அவளுக்கு வலி தெரியாது. ஆனா ஒவ்வொரு வலிக்கும் பிரஷர் இப்படி ஏறும்."

வீட்டுக்கு வந்தும் அன்றிரவு யாரும் சாப்பிடவில்லை. காலையில் அக்கா சொன்னார். "பயந்தா வேலைக்காவாது. அந்த டாக்டர் சொல்றாப்புல செய்வோம்."

டாக்டர் நடராஜன் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்தார். அந்த ஆஸ்பத்திரியில் அதுவே அதிசயம் என்று பிறகு ஒரு நர்ஸ் சொன்னார். பிரசவப் பிரிவின் மூத்த டாக்டர் வசந்தா, மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர், சிறுநீர்ப் பிரிவு டாக்டர், நடுவில் சக்கர நாற்காலியில் நான். என்னைப் பற்றி என் எதிரிலேயே பேசினார்கள். நான் கேட்டதற்குப் பதில் சொன்னார்கள். பிரசவத்தின்போது முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்து செலுத்தினால் கீழேயிருந்து வருகிற தூண்டலே மேலே போகாது, அழுத்தம் ஏறாது என்று முடிவாயிற்று. எட்டாம் மாதம் முடிவதற்குள் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட வேண்டும்.

"அதுக்கு முன்னாலயே வலி வந்துட்டா?" என்று கேட்டேன். "எனக்குத்தான் தெரியாதே."

"தலை வலிக்கும். உனக்கு அதுதான் வலி" என்றார் டாக்டர் வசந்தா.

அந்தச் சமயத்தில்தான், எண்பதுகளின் நடுவில், ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. ரெக்கார்டு ஆபீசில் ஏசி போட்ட கண்ணாடி அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நோயாளிகளின் பெயர்களையும் நம்பர்களையும் அதில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் நடராஜன் என்னையும் இவரையும் அங்கே கூட்டிப்போனார். சேகர் என்ற சுருட்டை முடிப் பையன் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தான். மூன்று நம்பரையும் ஒன்றாக்கச் சொன்னார். அவன் நிறைய நேரம் தட்டிவிட்டு, "ஒண்ணாயிட்டாங்க சார்" என்றான். இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பல வாரமாக நான் பார்க்காத சிரிப்பு.

"இவங்க பேரைத் தட்டினா ஒரு எச்சரிக்கை வரணும்" என்றார் டாக்டர்.

"அதுக்கு இடம் இல்ல சார். பேர், வயசு, அட்ரஸ், நம்பர், டிபார்ட்மென்ட். அவ்வளவுதான் கட்டம் இருக்கு."

"ஒரு வரிகூட சேர்க்க முடியாதா?"

"மெஷின் ஏத்துக்காது சார்."

டாக்டர் நடராஜனுக்குக் குரல் உயர்ந்தது. அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். "இந்தப் பொண்ணோட தெருப் பேர் தெரிஞ்சு டூட்டி டாக்டர் இன்னாய்யா பண்ணப் போறாரு? அவ செத்துப்போனா லெட்டர் போடவா?"

அந்த வார்த்தை என்னை அப்படியே அறைந்தது. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். என் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கோம்மா" என்றார்.

சேகர் அட்ரஸ் கட்டத்தில் எதையோ தட்டிப் பார்த்தான். பிறகு, "அட்ரஸ் கட்டத்துல எது தட்டினாலும் ஏத்துக்கும் சார்" என்றான்.

அப்படித்தான் என் தெருவும் கதவு எண்ணும் அழிந்துபோயின. அந்த இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி ஏறியது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: முதுகுத்தண்டு அடி, தலை வலித்தால் உட்கார வை, பிரஷரை இறக்கு, மயக்க டாக்டரைக் கூப்பிடு.

ஆஸ்பத்திரியில் சேர இன்னும் ஒரு வாரம் இருந்தது. இவர் வேலைக்குப் போய்விட்டார். அக்கா எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். பின்மண்டையில் விண்ணென்று தெறித்தது. சீப்பு பட்டுவிட்டது என்று நினைத்தேன். கொஞ்சம் அடங்கியது. மறுபடி தெறித்தது. இந்த முறை மூக்கு அடைத்துக்கொண்டது, நெற்றியில் வியர்த்தது, கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது.

"அக்கா, டியூபைப் பாருங்க."

அக்கா குனிந்து பார்த்தார். "டியூப் சரியாத்தான்டி இருக்கு. யூரின் நல்லா எறங்குது." நிமிர்ந்தவர் என் முகத்தைப் பார்த்தார். "உன் மூஞ்சி இன்னாடி இப்படிச் செவந்துனு வருது?"

வலி போயிற்று. வந்தது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

எதிர்வீட்டுக்காரர் ஆட்டோவைக் கூட்டிவந்தார்; ஆம்பூர் கம்பெனிக்கு ஃபோன் போட்டு இவருக்குத் தகவல் சொல்வதாகவும் சொன்னார். அக்கா என்னைத் தன்மேல் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டார். ஹைவேஸில் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ போனபோது ஒவ்வொரு முறை தலை வெடிக்கும்போதும் அவர் புடவையைக் கடித்துக்கொண்டேன். எமர்ஜென்சியில் என்னை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். பிரஷர் பார்த்த நர்ஸ் தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று மறுபடி பார்த்தார். பிறகு ஓடினார். இளம் டாக்டரம்மா ஒருவர் வந்தார். அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"பிரஷர் இவ்ளோ ஜாஸ்தி இருக்கு. பிரசவ ஜன்னி வரப்போவுது. நேராப் படுக்க வைங்க."

பிரசவ ஜன்னி என்பது கர்ப்பிணிகளுக்கு அழுத்தம் ஏறி வலிப்பு வருவது. அதற்கும் எனக்கு வந்திருந்ததற்கும் மேலோட்டமாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்குப் பேச வரவில்லை. கண் மங்கியது. படுக்காதே, படுக்காதே என்று மனசு கத்தியது. நாக்கு எழவில்லை.

"படுக்க வைக்காதீங்கம்மா!" என்று அக்கா குறுக்கே விழுந்தார். "இவளுக்கு முதுகு ஒடஞ்சது. டாக்டர் நடராஜன் சொல்லிக்கீறாரு."

"சார்ட் எங்க?"

"அவருகிட்ட இருக்கு. ஊருக்கு வெளிய."

"சார்ட் இல்லாம நான் இன்னா பண்றது?" டாக்டரம்மாவுக்கும் பயம். "சீட்டாவது இருக்கா?"

அக்கா சீட்டை நீட்டினார். அதிலிருந்த நம்பரோடு ஒரு ஆளை ரெக்கார்டு ஆபீசுக்கு ஓட விட்டார்கள். அந்தக் காத்திருப்பு எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கரண்ட் போகக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டிருந்தேன். அந்த வெயில் காலத்தில் தினமும் போகும். அக்கா யார் சொல்லியும் கேட்காமல் என் தோளுக்கடியில் கையைக் கொடுத்து என்னை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே நின்றார்.

ஓடிப்போன ஆள் ஓரங்களில் ஓட்டை போட்ட ஒரு துண்டுக் கம்ப்யூட்டர் காகிதத்தோடு திரும்பி வந்தார். டாக்டரம்மா அதை வாங்கிப் படித்தார். முகம் சுளித்தார்.

"இது இன்னா, அட்ரஸ்ல..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். மறுபடி படித்தார். அடுத்த நொடி அவர் போட்ட சத்தத்தில் அந்த அறையே அதிர்ந்தது. "உட்கார வைங்க! தலைப்பக்கம் முழுசா தூக்குங்க! அனஸ்தீசியாவைக் கூப்பிடுங்க, உடனே!"

என் நாக்குக்கு அடியில் ஒரு மருந்தைப் பிழிந்தார்கள். என்னைக் குனிய வைத்து முதுகில் குழாய் வைத்தார்கள். அது எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். சம்மட்டி நின்றுவிட்டது. மண்டைக்குள் அவ்வளவு அமைதியை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை. டாக்டர் வசந்தா எப்போது வந்தார் என்று தெரியவில்லை. காலடியில் நின்றுகொண்டிருந்தார். பிறகு வந்த டாக்டர் நடராஜன் கதவோரமாக நின்று, பிரஷர் மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

என் பிரசவத்தை நான் மற்றவர்கள் முகத்தில்தான் பார்த்தேன். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டால் ஏதோ நடக்கிறது. டாக்டர் வசந்தாவின் தோள் இறங்கினால் அது நல்லது. எனக்கு முக்க வராது என்பதால் கருவி வைத்து இழுத்தார்கள். திடீரென்று எல்லோர் முகமும் ஒரே திசையில் திரும்பியது. ஒரு அழுகை கேட்டது. அக்கம்பக்கத்தில் வேறு யாருக்கோ பிறந்திருக்கிறது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"பொண்ணுடி மல்லி" என்று அக்கா அழுதார். "பொண்ணு."

குறைமாதம் என்றாலும் மூச்சு நன்றாக இருக்கிறது என்றார்கள். நர்ஸ் அவளைத் துடைத்துக் கொண்டுவந்து, எல்லாத் தாய்க்கும் வைப்பது போல என் வயிற்றின்மேல் வைத்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் அவர்களைப் பார்த்தேன். அங்கே ஒரு குழந்தை கிடந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு படத்தைப் பார்ப்பது போல இருந்தது. பயமாகிவிட்டது.

டாக்டர் நடராஜன்தான் கதவோரத்திலிருந்து சொன்னார். "சிஸ்டர், மேல. இன்னும் மேல வைங்க."

நர்ஸ் அவளைத் தூக்கிக் கழுத்துக்குக் கீழே, தோளோடு ஒட்டி வைத்தார்.

சூடு. ஈரமான, கனமான சூடு. ஒரு சின்ன வாய் என் கழுத்தெலும்பைத் தேடி முட்டியது. மூச்சு குபுக்கென்று தோலில் பட்டது. என்னையறியாமல் நான் "ஐயோ!" என்று அலறிவிட்டேன். இளம் டாக்டரம்மா பதறிப்போய் ஓடிவந்து என் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினார். காற்றை அடித்து, மெல்ல இறக்கி, ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் வைத்துக் கேட்டார்.

"நார்மல்" என்றார்.